முழு ஜீனோம் ரிப்போர்ட்டில் முரண்பாடு. கவுன்சிலரும் இல்லை, பதிலும் இல்லை – புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் என் முழு ஜீனோமையும், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பையும், 'குடும்ப நல விளக்கம்' பேக்கேஜோடு பரிசோதித்தேன். ரிப்போர்ட் எண் உங்களுக்கு வந்த எல்லா மெயிலிலும் இருக்கிறது. போனில் பேசிப் பேசி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில், பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் எனக்கு இருக்கும் ஒரு மாற்றத்தைக் காட்டி, சிவப்புக் கட்டம் போட்டு 'பிஆர்சிஏ2 – பரம்பரைப் புற்றுநோய் ஆபத்து அதிகம்' என்கிறீர்கள். கடைசியில் இருக்கும் அட்டவணையில் அதே மாற்றத்துக்கு நேராக 'வியுஎஸ்' என்று போட்டிருக்கிறீர்கள். எதை நம்புவது? சேலத்தில் நாங்கள் பார்க்கும் புற்றுநோய் டாக்டர் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வியுஎஸ் என்றால் நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் முடிவாகாத மாற்றம், அதை வைத்து ஆபரேஷன் அளவுக்குப் போகக் கூடாது என்றார். என் ஜீனோமை ஒப்பிட்டது ஜிஆர்சிஎச் என்ற மாதிரி மனித ஜீனோமின் 37-ஆம் பதிப்போடா, 38-ஆம் பதிப்போடா என்று கேட்டார். ரிப்போர்ட்டில் அதுகூட இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்து மீண்டவர் எங்கள் அம்மா. அவருக்கும் இதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும் என்றார்.

அம்மாவுக்குப் பரிசோதனை செய்ய உங்களிடம் கேட்டதற்கு, "சென்டருக்குக் கூட்டிட்டு வாங்க மேடம், கிட் ரெடியா இருக்கு" என்றார்கள். அம்மா இருப்பது ஏற்காட்டில். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டார். வந்து பார்த்தால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே இருந்த பையன் "கிட் வரலீங்க்கா" என்கிறான். அம்மாவைப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு ஸ்பீக்கரில் உங்களைக் கூப்பிட்டேன். "ரிப்போர்ட் குடுத்தாச்சுல்ல? புரியலைன்னா கூகுள்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் உங்கள் ஆள். அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். கூகுளில் பார்க்கவா வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினேன்?

ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகர், அதாவது ஜெனெட்டிக் கவுன்சிலர் பேசுவார் என்பதும் பேக்கேஜில் இருக்கிறது. வந்தது, என் ஜீனோமில் உள்ள வித்தியாசங்களை வெறுமனே பட்டியல் போட்ட விசிஎஃப் ஃபைலுக்கு ஒரு லிங்க் மட்டும்தான். யாருடைய ஜீனோமை எடுத்தாலும் 40, 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அதில் எது எங்கள் குடும்பத்துக்கு முக்கியம் என்று பிரித்துச் சொல்லத்தானே காசு வாங்கினீர்கள்?

அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததிலிருந்து என் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. மார்பகத்தை எடுத்துவிடலாம் என்கிறாள். "நான்தான் உங்களுக்கு விஷத்தைக் கொடுத்துட்டேன்" என்று அம்மா அழுகிறார். எங்கள் வீட்டு நிம்மதியே மொத்தமாகப் போய்விட்டது. இதற்கு 10 லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. அப்படி இருக்க, "கூகுள்ல பாருங்க" என்று அம்மா காதுபடச் சொல்ல உங்கள் ஆளுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, இப்போதும் பணிவாகவே கேட்கிறேன். முதல் பக்கத்தைத் திருத்தி, எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, பொறுப்பானவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். கவுன்சிலர் எங்கள் மூவரோடும் தமிழில் பேச வேண்டும். அம்மாவின் சாம்பிளை ஏற்காட்டுக்கே வந்து, கட்டணம் இல்லாமல் எடுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு பக்கங்களின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்