மேட்டு நிலத்தைப் பற்றி அப்பாவுக்கு

ராட்டர்டாம்
14.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஓசூர் பையன் கொண்டுவந்து கொடுத்ததும் ட்ராம் நிறுத்தத்திலேயே நின்று படித்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, அப்பா எதற்குக் கடிதம் எழுதினார் என்று முதலில் பயந்துவிட்டேன். ஆயா காதில் விழக்கூடாத விஷயம் என்பது படித்த பிறகுதான் புரிந்தது. இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். நேரமில்லை என்றால் அது பொய். உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மேட்டு நிலத்தைக் குடோனுக்குக் கேட்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டு, "நீ படிக்கிறதே அதுதானே, நீயே சொல்லு" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன்.

குளிர் தாங்குகிறது. நம் ஊர் மார்கழிப் பனி மாதிரி அமைதியாக இறங்குவதில்லை, காற்றோடு வந்து காதில் அறைகிறது. காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது, மாலை நாலரைக்கு இருட்டிவிடுகிறது. கோட் இருக்கிறது, கீழ்வீட்டுத் தாத்தா கொடுத்தார். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். உள்ளே இரண்டு சட்டை போட்டால் சரியாகிவிடும்.

போன வாரம் களி கிண்டினேன். இங்கே ஈழத்து அண்ணன் ஒருவர் கடை வைத்திருக்கிறார். கேழ்வரகு மாவு இருக்கிறதா என்று கேட்டேன், "குரக்கன் மாவோ?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். துடுப்பு இல்லாமல் மரக்கரண்டியில் கிண்டினால் அடி பிடிக்கிறது, கட்டி கட்டியாக நிற்கிறது. மூன்றாவது முறைதான் உருண்டை பிடிக்க வந்தது. கீரை கடைய மத்து இல்லை, டம்ளர் அடியால் நசுக்கினேன். அம்மா, உன் கையில் இருக்கிற பதம் எனக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை, ஆனாலும் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டேன்.

செவ்வாயும் சனியும் பிளாக் என்ற இடத்தில் பெரிய சந்தை கூடும். கடை கட்டும் நேரத்தில் போனால் ஒரு பெட்டி தக்காளி ஒரு யூரோவுக்குக் கிடைக்கும். மாம்பழமும் இருக்கிறது, பிரேசிலிலிருந்தும் பெருவிலிருந்தும் கப்பலில் வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், வாசனையே இல்லை. வாங்கவில்லை.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வயது 78. தினமும் ராத்திரி தூங்கும் முன் வெளியே வந்து, எங்கள் கட்டடத்துச் சைக்கிள்களையெல்லாம் கோடு போட்ட மாதிரி வரிசையாக நிறுத்திவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். என் சைக்கிள் கோணலாக நின்றதால் முதல் மாதம் என்னிடம் பேசவே இல்லை. அப்புறம் ஒருநாள் பஞ்சரானபோது அவரே ஒட்டிக் கொடுத்தார். 1964-ல், 17 வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். காபிக்கொட்டை மூட்டை. ஒரு கப்பலை இறக்க ஒரு வாரம்கூட ஆகுமாம். 1966-ல் முதல் கண்டெய்னர் கப்பல் இங்கே வந்ததையும், பிறகு தன் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வேலை இழந்ததையும் சொன்னார். வலது தோளைக் காட்டினார், ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. நம் மண்டி மாமாவுக்கும் அதே தோள்தானே அப்பா.

எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு அந்தக் கண்டெய்னரின் கதையையும் சொன்னார்கள். மால்கம் மெக்லீன் என்று ஒரு அமெரிக்க லாரிக்காரர். 1937-ல் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், இறக்க ஆள் வராமல் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தாராம். லாரியில் இருக்கிற பெட்டியை அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று அங்கேதான் தோன்றியது என்று பின்னாளில் சொன்னார். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய கப்பல் 58 பெட்டிகளோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது.

அதைக் கேட்டபோது எனக்கு ஆனி மாசம் நாம் ஃபேக்டரி வாசலில் ட்ராக்டரோடு நின்ற இரண்டு ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. முன்னால் எத்தனை வண்டி என்று நீங்கள் நடந்து நடந்து எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அடியில் இருந்த பெங்களூரா மாம்பழம் கசிந்து டயர் வரைக்கும் ஈக்கள். மூன்றாம் நாள் காலையில் கிலோ 5 ரூபாய் என்றார்கள், திருப்பிக்கொண்டு போனால் டீசலுக்கும் தேறாது என்று கொட்டிவிட்டு வந்தோம். போன வருஷ மாங்கூழே விற்காமல் கிடக்கிறது என்றார்கள். கடைசிக் கடையில் விற்பனை கொஞ்சம் ஆடினால், பின்னால் போகப் போக ஆர்டர் சாட்டை நுனி மாதிரி வீசும் என்று இங்கே பாடமே இருக்கிறது. அந்த நுனியில் நாம் நின்றோம்.

போன மாதம் எங்களைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார்கள். மாஸ்ஃப்ளாக்டே என்று கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். டிரைவர் இல்லாத வண்டிகள் பெட்டியைச் சுமந்துகொண்டு தானாக ஓடுகின்றன. எல்லாரும் அதைப் படம் எடுத்தார்கள். நான் பார்த்தது வாசலை. உள்ளே வருகிற ஒவ்வொரு லாரிக்கும் முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும். அவ்வளவுதான் அப்பா. நம் ஃபேக்டரிகள் விவசாயிக்கு ஒரு டோக்கனும் ஒரு நேரமும் கொடுத்திருந்தால் அந்த இரண்டு ராத்திரி நமக்கு மிச்சம், பழமும் மரத்தில் இருந்திருக்கும். என் பிராஜெக்டை இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன்.

அதே நாளில் ஒரு குளிர்பானக் கம்பெனியின் குடோனையும் காட்டினார்கள். ஒரு மூலையில் நீல ட்ரம்கள், ஒவ்வொன்றும் 215 கிலோ. லேபிளில் டோட்டாபுரி மாங்கூழ், இந்தியா என்று இருந்தது. டோட்டாபுரி என்றால் நம் பெங்களூராதான். செய்த மாதம் ஜூலை. நம் ஊர்ப் பக்கமா, சித்தூர்ப் பக்கமா தெரியாது. செங்கடல் ஆபத்து என்று ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்திருக்கும். கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மற்றவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள், என்னால் நகர முடியவில்லை. நம் கொட்டாயில் பழம் குவித்து வைத்திருக்கும்போது ராத்திரியெல்லாம் வீசுமே ஒரு வாசனை, அது வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

சரி, மேட்டு நிலம்.

குடோனுக்குக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பெங்களூரு ரோடும் சென்னை ரோடும் சேலம் ரோடும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. காவேரிப்பட்டணம் வரைக்கும் ரோட்டோரம் எல்லாம் இனிமேல் கேட்பார்கள். அதனால் அவசரப்பட வேண்டாம். விற்க வேண்டாம், குத்தகைக்கு மட்டும் பேசுங்கள். அதுவும் பாறை மேட்டு ஒன்றரை ஏக்கர் மட்டும். தாத்தா வைத்த மரங்கள் நிற்கிற மூன்று ஏக்கரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதன் பத்திரம் என் படிப்புக் கடனுக்காக பேங்கில் கிடப்பது எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை.

குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வாடகை ஏற வேண்டும் என்று எழுதுங்கள். 40 அடிப் பெட்டி ஏற்றிய ட்ரெய்லர் திரும்ப நிறைய இடம் வேண்டும். அந்த இடத்தை அவர்கள் பங்கிலேயே எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு நம் வரப்பைக் கேட்பார்கள். முக்கியமானது ஓடை. மேட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மழைத்தண்ணீரை மண் கொட்டி மூடிவிட்டால் ஐந்து வருஷத்தில் மரம் காயும். இதைப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சித்தப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பெண் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? புரோக்கர் அட்வான்ஸ் என்று காட்டுகிற பணம் அவருக்கு இப்போது மலை மாதிரி தெரியும். குத்தகை முன்பணம் வந்தால் என் பங்கையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். இங்கே எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் வாரம் 16 மணி நேரம் வேலை செய்யலாம். இந்த மாதம் கொஞ்சம் குறைவாகத்தான் கூப்பிட்டார்கள், ஆனாலும் வாடகை கட்டிவிட்டேன்.

பட்டா ஆயா பேரில் இருப்பதால் யாராவது வீட்டுக்கு வந்து கைநாட்டு கேட்பார்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் எந்தப் பேப்பரிலும் வைக்க வேண்டாம் என்று ஆயாவிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள். கண் ஆபரேஷனைத் தையைத் தாண்டித் தள்ளாதீர்கள். பூ எடுக்கிற நேரம், தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தாகிவிட்டதா? கிணற்றோர செந்தூரா இந்த வருஷமாவது பூத்ததா? மேட்டு நிலத்துச் சிட்டாவையும் வரைபடத்தையும் போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கச்சியை அனுப்பச் சொல்லுங்கள். ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்