ஆபீசர் அடித்த ஆணி

தென்காசி
17.11.2024

அன்புள்ள மாணிக்கம்,

உன்னுடைய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில் இது. முதலில் திட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் படி. கண் ஆபரேஷன், அடைமழை, பேரன் பரீட்சை என்று காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். உன்னிடம் ஒன்றும் செல்லாது என்பதால் விட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். அவளுக்கு முட்டிவலி பழையபடி. தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

எழுத உட்காராததற்கு நிஜக் காரணம் வேறு. உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும். நம் பாதை கேங்கின் தலைவர், முத்தையா மேட் போய்விட்டார். ஐப்பசி 3-ஆம் தேதி, விடியற்காலை. படுக்கையில் கிடக்கவில்லை, ஒருத்தருக்கும் பாரமாக இல்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட வாசலில் உட்கார்ந்து, போகிற ரயில் வண்டியின் சத்தத்தை வைத்தே 'எங்கேயோ ஸ்லீப்பருக்கு அடியில ஜல்லி பேக்கிங் விட்டிருக்கு, நாளைக்குச் சொல்லணும்' என்றாராம். யாரிடம் சொல்வதாக இருந்தாரோ! ரிட்டையராகி எத்தனை வருஷம்!

காரியத்துக்குப் போய் வந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. பேரன் பார்த்தான். அவன் டெக்ஸ் வில்லர் பைத்தியம், லயன் காமிக்ஸ் ஒன்று விடாமல் வைத்திருக்கிறான். 'தாத்தா, கௌபாய் படம் போடட்டுமா?' என்றான். ரயில் பாதை போடுகிற படமாக இருந்தால் போடு என்றேன். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, பத்து ராத்திரி அமெரிக்காவில் தண்டவாளம் போட்டேன். நீ அங்கே சாக்ரமெண்டோவில் உட்கார்ந்திருக்கிறாய். அமெரிக்காவைக் குறுக்கே இணைத்த பாதையில் மேற்குப் பகுதியைப் போட்டது சென்ட்ரல் பசிஃபிக் கம்பெனி. 1863 ஜனவரி 8 அன்று அந்தப் பாதைக்கு முதல் மண்ணை வெட்டியதே உன் ஊர் ஆற்றங்கரையில்தான். நீ என்னடா என்றால் மூன்று கடிதத்திலும் வெண்டைக்காய் விலையை எழுதியிருக்கிறாய்.

மதுரையில் ட்ரெயினிங்கில் இருந்தபோது காலைக் காட்சி பார்த்தோமே, 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வொன்', அதில்தான் தொடங்கினேன். 1962-ல் வந்தது. மூன்று கேமராவைச் சேர்த்துப் பூட்டி, வளைந்த அகலத் திரைக்கென்று எடுத்தார்கள். டிவியில் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் இரண்டு கோடாகத் தெரிகிறது, இரண்டு தண்டவாளம் சரியாகச் சேராத ஃபிஷ்பிளேட் ஜாயிண்ட் மாதிரி. காட்டெருமைக் கூட்டம் முகாமை மிதித்துக்கொண்டு பாயும்போது நீ காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாய். மறுக்காதே, நான் சாட்சி. எருமைகள் ஏன் வந்தன என்பது அன்றைக்கு நம் இருவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ரயில் கம்பெனிக்காரனாக வருகிற ரிச்சர்ட் விட்மார்க், அரப்பஹோ ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறான். பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் மந்தையை முகாமின் மேல் விரட்டிவிடுகிறார்கள். அந்த வயதில் நமக்குத் தூசியும் சத்தமும் போதுமாக இருந்தது.

அடுத்து 1924-ல் வந்த 'தி அயர்ன் ஹார்ஸ்'. பேசாத படம். ஜான் ஃபோர்டுக்கு அப்போது 30 வயது. அப்பாவைக் கொன்ற இரண்டு விரல்காரனை மகன் தேடுகிற கதை ஒரு பக்கம், பாதை போடுகிற கதை மறுபக்கம். கடைசியில் இரண்டு எஞ்சின்களும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும் இடத்தில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகள் சேர்ந்த 1869-ல் நின்ற அதே எஞ்சின்கள்தான் இவை என்று எழுத்துப் போடுகிறார்கள். அப்படியே நம்பிக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அப்புறம் தேடிப் படித்தால் சுத்தப் பொய். ஒன்றை 1903-லும், மற்றதை 1909-லும் பழைய இரும்புக்குப் போட்டு உடைத்துவிட்டார்கள்.

எஞ்சின் விஷயத்தில் இந்தச் சினிமாக்காரர்களுக்கு இருக்கிற பக்தி இருக்கிறதே! 1939-ல் செசில் பி. டிமில் எடுத்த 'யூனியன் பசிஃபிக்' படத்துக்கு நெவாடாவில் ஓடிய நிஜமான பழைய எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். கடைசிக் காட்சிக்கு, பாதை சேர்ந்த அன்று வைத்த அசல் தங்க ஆணியையே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திடம் இரவல் வாங்கினார்களாம். எல்லாம் சரி. ஆனால் பாதை போடுகிற படத்தில் பாதை போடுகிறவனைத் தேட வேண்டியிருக்கிறது. தபால்காரியாக வருகிற பார்பரா ஸ்டான்விக்கை யார் கட்டுவது என்று இரண்டு பேருக்குள் போட்டி. ரயிலின் மேல் தண்ணீர்த் தொட்டியைத் தள்ளிக் கவிழ்க்கிறார்கள். எரிகிற மரப்பாலத்தின் மேல் வண்டியை ஓட்டுகிறார்கள். எந்த டிரைவரடா ஓட்டுவான்? நம் காலத்தில் பாலத்தில் ஒரு கட்டை உளுத்தாலே வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

ஒரு வேடிக்கை. அந்த வருஷம்தான் முதல் கேன்ஸ் விழா நடக்க இருந்தது, இந்தப் படமும் போட்டியில் இருந்தது. உலகப் போர் வந்து விழா நின்றுவிட்டது. 2002-ல் பழைய பட்டியலைத் தூசி தட்டி எடுத்து இந்தப் படத்துக்கு விழாவின் முதல் பரிசான தங்கப் பனையைக் கொடுத்தார்கள். 63 வருஷ அரியர்ஸ்! நம் டி.ஏ. அரியர்ஸ் எவ்வளவோ தேவலை.

'டென்வர் அண்ட் ரியோ கிராண்டே' என்று 1952-ல் ஒன்று. அதைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாடல் வைத்து எடுக்கவில்லை, நிஜமான இரண்டு நீராவி எஞ்சின்களை எதிரெதிராக விட்டு மோதவிட்டிருக்கிறார்கள். உடைக்கப் போகிற எஞ்சின்தான், தெரியும். ஆனாலும் ஆவி பறக்க அது ஓடிவருவதைப் பார்க்க முடியவில்லை. பேரன் கைதட்டினான், அவளோ சமையல்கட்டிலிருந்து வந்து 'யாருக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. படம் தீர்ந்த பிறகு படிக்க ஆரம்பித்தேன். 1869 ஏப்ரல் 28 அன்று சென்ட்ரல் பசிஃபிக் ஆட்கள் ஒரே நாளில் 10 மைல் 56 அடி பாதை போட்டிருக்கிறார்கள். மறுபடி படி, ஒரே நாளில். 30 அடித் தண்டவாளம் 3,520. ஒன்று 560 பவுண்டு, அதாவது கெஜத்துக்கு 56 பவுண்டு. நம் மீட்டர் கேஜ் 60 பவுண்டு தண்டவாளத்தைவிடக் கொஞ்சம் லேசு. ஆனாலும் தூக்கினவர்கள் மொத்தம் எட்டே பேர், எட்டுப் பேரும் ஐரிஷ்காரர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், தலைக்கு 110 டன்னுக்கு மேல் வருகிறது. அந்த எட்டுப் பேரின் பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்லீப்பர் கட்டை பரப்பி, ஆணி அடித்து, போல்ட் முடுக்கி, மண் தள்ளி பேக்கிங் செய்துகொண்டே போனவர்கள் ஆயிரக்கணக்கான சீனர்கள். அவர்களில் ஒருத்தன் பெயர்கூட இல்லை.

சென்ட்ரல் பசிஃபிக் கேங்குகளில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பேர் சீனர்கள் மாணிக்கம். சியரா மலையில் உச்சிச் சுரங்கம் ஒன்று, 1,659 அடி நீளம். முழுக்கக் கருங்கல். உளியும் சம்மட்டியும் வெடிமருந்தும் வைத்து நாள் முழுக்க அடித்தால் ஒரு முகத்தில் ஓர் அடி நகரும், சில நாள் அதுவும் நகராது. பகவதிபுரத்துக்கு மேலே நாம் சரிவில் விழுந்த பாறையை உடைத்தோமே, மூன்று நாள். அதையே பெரிய கதையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். சாப்பாட்டுச் செலவு வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கம்பெனியோடது, சீனனுக்கு அவன் கைக்காசு. 1867 ஜூனில் மாதம் 40 டாலர் கூலி வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும் என்று சுமார் 3,000 பேர் கருவியைக் கீழே வைத்தார்கள். அடிதடி இல்லை, சத்தம் இல்லை. கம்பெனியில் சார்லஸ் கிராக்கர் என்று ஒருவர், மலைக்குப் போகிற அரிசியை நிறுத்தினார். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. இதில் ஒரு படம் கிடக்கிறதே! என் பத்து ராத்திரியில் அது வரவில்லை.

இன்னொன்று. கொதிக்க வைத்த தேநீரைப் பீப்பாயில் ஊற்றி, தோளில் காவடி கட்டி வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்களாம். அதனால்தான் மற்ற கேங்குகளைப் போல வயிற்றுப்போக்கில் விழவில்லை. முத்தையாவின் சுக்குத்தண்ணித் தூக்குவாளி ஞாபகம் வந்தது. நாமும் காய்ச்சல் வராமல் தப்பித்ததற்கு டாக்டர் காரணமில்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்ததில் எனக்குப் பிடித்தது ஹாலிவுட் ஆள் எடுத்தது இல்லை. இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே 1968-ல் எடுத்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்'. எருமைப் படத்தில் நல்ல வேட்டைக்காரனாக வந்த ஹென்றி ஃபோண்டாவே இதில் ரயில் முதலாளிக்காகக் கொலை செய்கிறவன். முதலாளிக்கு எலும்புருக்கி நோய், நடக்க முடியாது, ரயில் பெட்டியிலேயே வாழ்கிறான். சாவதற்குள் பசிஃபிக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கடைசியில் ஒரு சேற்றுக்குட்டையைப் பார்த்துத் தவழ்ந்தே சாகிறான். காதில் அலைச் சத்தம் கேட்கிறது. அப்புறம் கிளாடியா கார்டினேல் குடத்தோடு இறங்கிப் போய், தண்டவாளம் போடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். அந்த ஒரு இடத்தை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னேன்.

இரண்டு பாதையும் சேர்ந்த 1869 மே 10 அன்று யூட்டாவின் பிரமண்டரி உச்சியில் நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். தங்க ஆணியை யாரும் அடிக்கவே இல்லை. தங்கம் மெத்தென்று இருக்குமே, நசுங்கிவிடும். முன்னாலேயே துளை போட்ட கட்டையில் சும்மா இறக்கிவிட்டு, உடனே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் வைத்த இரும்பு ஆணியை அடிக்க சென்ட்ரல் பசிஃபிக் தலைவர் லெலண்ட் ஸ்டான்ஃபோர்ட் சம்மட்டியை ஓங்கினார், அடி தவறிவிட்டது. தந்திக்காரன் காத்திருக்காமல் 'முடிந்தது' என்று ஊருக்கெல்லாம் தட்டிவிட்டான். ஆபீசர் அடித்த ஆணி! நம் யார்டில் மட்டும் நடந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

அன்று எடுத்த பிரபலமான போட்டோவைப் பேரன் பெரிதாக்கிக் காட்டினான். பாட்டிலோடு எஞ்சின்மேல் ஏறி நிற்கிறார்கள். சீன முகம் ஒன்றைத் தேடினேன், கண் ஆபரேஷன் செய்தும் எனக்குத் தட்டுப்படவில்லை. கடைசித் தண்டவாளத்தைத் தூக்கிவந்து வைத்தது சீன ஆட்கள்தான். 100 வருஷம் கழித்து 1969-ல் அதே இடத்தில் விழா எடுத்தார்கள், கௌபாய் நடிகர் ஜான் வெய்ன்கூட வந்திருந்தார். அமெரிக்கர்களை விட்டால் வேறு யார் 30 அடிப் பனியில் சுரங்கம் குடைந்திருப்பார்கள் என்று ஒரு மந்திரி பேசினார். பேச நேரம் கேட்டு வந்திருந்த சீன வரலாற்றுச் சங்கத்துக்காரர்களுக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி எழுந்து நம் பீரோவில் அந்தத் திறப்பு விழா போட்டோவைத் தேடி எடுத்தேன். மாலையும் கையுமாக 14 பேர். நீ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பின்னால் யாரோ குடை. முத்தையா இல்லை. போட்டோக்காரன் ஏறி நின்ற ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று நீயே எப்போதோ சொன்னாய். 'மேட், நீங்களும் வாங்க' என்று நான் கூப்பிட்டேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கூப்பிட்டதாக ஞாபகம் வரவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் உள்ளபடி எழுது, எனக்காக மாற்றாதே.

உன் ஊர் ரயில் மியூசியத்துக்கு ஒரு நடை போய்விட்டு வா. வெண்டைக்காய் எங்கேயும் போகாது. அசல் ஆணி ஸ்டான்ஃபோர்டில் இருக்கிறது. அதே சமயத்தில் செய்த அதன் ஜோடி உன் ஊரில் இருக்கிறதாம். அதன் தலையைக் கிட்ட நின்று பார்.

முத்தையாவின் மகன், தண்டவாளத்தை இறுக்கும் கீயை அடிக்க அவர் வைத்திருந்த கீ சுத்தியலை என்னிடம் கொடுத்துவிட்டான். தலை நன்றாக இருக்கிறது, பிடி விரிந்துவிட்டது. புதுப் பிடி போட வேண்டும். மூங்கிலா, கருவேலா? அவர் எதைப் போடுவார் என்று உனக்குத்தான் தெரியும். தையில் வருகிறாய் அல்லவா, அதுவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

உன்
சண்முகம்