மிங்க் கோட்டும் விசிறி மடிப்பும்

மாண்ட்ரியல்,
ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலியையும் அம்மாவின் இருமலையும் பற்றிப் போனில் கேட்டால், இருவருமே ஒன்றுமில்லை என்று முடித்துவிடுகிறீர்கள். பதில் கடிதத்திலாவது உண்மையை எழுதுங்கள். மேட்டூர் அணையை 28-ஆம் தேதி மூடிவிடுவார்களே, ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறதா? சித்தப்பா சம்பா அறுவடையை முடித்துவிட்டாரா?

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "அந்தக் கோட்டை வாங்கிவிட்டாயா?" என்றீர்கள். பின்னாலிருந்து அம்மா, "ஐந்து லட்சத்துக்கு ஆட்டுத்தோலா?" என்று குரல் கொடுத்ததும் காதில் விழுந்தது. ஆட்டுத்தோல் இல்லை, மிங்க். பார்த்தால் நம் கீரிப்பிள்ளை போல இருக்கும், நீர்நாய்க்கு உறவு. அதன் ரோமத்தோடு கூடிய தோலை இணைத்துத் தைத்த கோட்டு. இந்த ஆசை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

மார்கழியில் 20 டிகிரிக்கே நீங்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவீர்கள். இங்கே நேற்றுக் காலை மைனஸ் 24. காற்று வீசினால் அது மைனஸ் 30-க்கும் கீழே போனதுபோல் உறைக்கும். மூச்சு விட்டால் மப்ளரில் பனி படிகிறது, கண் இமை ஒட்டிக்கொள்கிறது. வந்த முதல் குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி நம் திருபுவனத்துக் கம்பகரேசுவரரைத்தான் நினைத்தேன். நடுக்கம் தீர்த்த பெருமான் என்று பெயர் வைத்தவர்கள் இந்த நடுக்கத்தைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

என்னோடு கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மூத்த அம்மாள் ஒருவர் தன் தாயின் மிங்க் கோட்டை இன்றும் போட்டுக்கொண்டு வருகிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஆனதாம். ஒருநாள் என் தோளில் எடுத்துப் போட்டார். அப்பா, நீங்கள் தறியிலிருந்து இறக்கிய புதுப் புடவையை முதன்முதலாக என் கையில் கொடுத்தபோது என்ன ஆனதோ அதேதான் ஆனது. வருட முடிவில் நிர்வாகம் கொடுத்த தொகையும் என் சேமிப்பும் கையில் இருந்தன. மறு சனிக்கிழமையே கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். கிரேக்க நாட்டில் கஸ்தோரியா அவர் சொந்த ஊர். நாம் பட்டு நெய்வதுபோல் தலைமுறை தலைமுறையாக ரோமம் தைக்கிற ஊர், அவர்களின் திருபுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எறிந்த துண்டுகளைக்கூட இணைத்துக் கோட்டாக்கி விடுவதில் பேர் போனவர்கள். புடவையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசாதே என்று நீங்கள் சொல்வீர்களே, அவரும் முதலில் அதைத்தான் செய்தார். கோட்டின் உட்துணியைக் கீழ் ஓரத்தில் தைக்காமல் விட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் தூக்கித் தோலின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ளவாம். பார்த்தால் முழுத் தோல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தோலையும் சாய்வாக, அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு கீற்றையும் சற்றே கீழே தள்ளி மறுபடி தைத்திருக்கிறார்கள். குட்டையான தோல் அப்படித்தான் கோட்டின் நீளத்துக்கு இழுபடுகிறது. வெளிப்புறம் தையல் இருக்கும் இடமே தெரியவில்லை. கோர்வை போட்ட கரையில் இணைப்பு எங்கே என்று தேடுவது போல நானும் விரலால் தேடிப் பார்த்துத் தோற்றேன். முழங்காலுக்குக் கீழே வரும் கோட்டுக்கு நாற்பது, ஐம்பது தோல் வேண்டும் என்றார்.

பிறகு ரோமத்தின் மேல் வாயால் ஊதச் சொன்னார். ஊதினால் மேலே நிற்கும் பளபளப்பான நீள முடி விலகி, அடியில் பஞ்சு போன்ற குட்டை முடி தெரிகிறது. அது அடர்த்தியாக இருக்க வேண்டும், தோல் கண்ணில் படக் கூடாது. குளிரைத் தடுப்பது அந்த அடிமுடிக்குள் சிக்கி நிற்கும் காற்றுதான். கையில் பிடித்துக் கசக்கினால் காகிதம் போலச் சலசலக்கக் கூடாது, சலசலத்தால் தோல் உலர்ந்து கிழியப்போகிறது என்று அர்த்தம். போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். காற்று யாரையோ அடித்துக்கொண்டிருந்தது, என்னை இல்லை.

விலை 8,500 டாலர். இரண்டு வரி சேர்ந்தால் ஏறக்குறைய 15 சதவீதம், ஆக 9,770. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உங்கள் மகள்தானே.

இந்த நகரமே தோல் வணிகத்தில் வளர்ந்த நகரம், அப்பா. ஹட்சன் பே கம்பெனி 1670-இல் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலுக்காகவே தொடங்கப்பட்டது. 2025-இல்தான் தன் கடைகளை எல்லாம் மூடியது. இங்கே ஐந்து சென்ட் நாணயத்தில் இன்றும் பீவர்தான் உட்கார்ந்திருக்கிறது. பீவரின் அடிமுடியை அழுத்திக் கம்பளமாக்கி ஐரோப்பாவில் தொப்பி செய்தார்கள், அந்தத் தொப்பிக்காகப் பீவர் இனமே அழியும் நிலைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுத் தொப்பி நாகரிகமானதும் பீவர் தொப்பியின் மவுசு போய்விட்டது. பட்டு ஒரு விலங்கின் உயிரைக் காப்பாற்றிய கதை! நெசவாளர் சங்கத்தில் உங்கள் பழைய நண்பர்களுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

பட்டுப்புழுவின் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

நான் அதையும் யோசித்தேன். மிங்குகளைக் கம்பிக் கூண்டில் வளர்க்கிறார்கள். நீரில் திரியும் பிராணி, வாழ்நாள் முழுக்கக் கூண்டில். தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டினார்களே டேனிஷ்காரர்கள், அவர்கள் நாடு மிங்க் வளர்ப்பில் முன்னணியில் இருந்தது. கொரோனா பண்ணைகளுக்குள் புகுந்து, உருமாறி மனிதருக்கும் தொற்றியதும், 2020 நவம்பரில் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மிங்குகளைக் கொன்று குழியில் போட்டார்கள். கனடாவிலேயே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மிங்க் பண்ணைகளைப் படிப்படியாக மூடப்போவதாக 2021-இல் அறிவித்தது. இதையெல்லாம் படித்துவிட்டு, வேண்டவே வேண்டாம் என்று நல்லவளாக ஒதுங்கிவிடலாம்தான். ஆனால் பட்டுப்புழுக் கூட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்த இழையை நீங்கள் நெய்த காசில்தான் நான் படித்தேன், என் கல்யாணப் புடவையும் அந்த இழையில்தான். அம்மாவைக் கேட்டால், யானைத்தோல் போர்த்திய சாமி வழுவூரில் இருக்கிறார், அவரைக் கேள் என்பார். இந்த வழக்கில் நான் நீதிபதியாக உட்கார முடியாது. மனம் உறுத்தியது, அவ்வளவுதான் சொல்வேன்.

வேறு கணக்கும் போட்டேன். ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், அங்கே காத்திருப்பு, பஸ்ஸிலிருந்து மெட்ரோ, திரும்பி வருவது, எல்லாம் சேர்ந்து நாளுக்கு 35 நிமிடம்தான் நான் வெளியில் இருக்கிறேன். மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நிலத்தடியிலேயே வழி உண்டு. இந்த நகரத்தின் அடியில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அப்படிச் சுரங்கப் பாதை இருக்கிறது. மெட்ரோவுக்குள் அந்தக் கோட்டோடு நின்றால் புழுங்கும். தோள்பை மாட்டக் கூடாது, உராய்ந்து முடி உதிருமாம். சாப்பாட்டுப் பையை நான் தலையிலா சுமப்பது? சாலையில் பனி உருக உப்புக் கொட்டுகிறார்கள், அந்தச் சேறு தெறித்தால் கெடுதல். நான் இருப்பது ஒற்றை அறை. அங்கேயே சமையல், அங்கேயே கோட்டு மாட்டும் ஆணி. பெருங்காயமும் கடுகும் தாளித்த வாசனையை ரோமம் அப்படியே பிடித்துக்கொள்ளும். கோடை வந்தால் வீட்டில் வைக்கவும் முடியாது. கடைக்காரரிடமே குளிர்ப்பதன அறையில் கொண்டுபோய் விட வேண்டும், ஆண்டுக்கு 100 டாலருக்குக் குறையாமல் வாடகை. நான் இருக்கும் அறைக்கு ஏசி கிடையாது.

விற்றால் என்ன வரும் என்று பழைய துணிக் கடைகளில் விசாரித்தேன். பாட்டிகளின் மிங்க் கோட்டுகள் 400 டாலருக்குத் தொங்குகின்றன, பேரப்பிள்ளைகள் போடுவதில்லையாம். ஒன்றை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். சலசலத்தது.

இருந்தும் மனம் கேட்கவில்லை. இரண்டாம் தடவை போனபோது கடைக்காரர், "நன்றாக வைத்துக்கொண்டால் முப்பது வருடம் உழைக்கும், உங்கள் மகள் போடுவாள்" என்றார். விற்பனைக்குச் சொல்கிற வார்த்தைதான், நம் ஊர்க் கடைகளிலும் இதையேதான் சொல்கிறோம். ஆனால் அங்கேதான் எனக்குத் தட்டியது. முப்பது வருடம் அது எங்கே உழைக்கும்? திருபுவனத்துக்குக் கொண்டுவந்தால் ஒரே ஐப்பசி அடைமழையில் பூஞ்சை பிடித்து, பங்குனிக்குள் பூச்சி அரித்துவிடும். இந்தக் குளிரை விட்டு எங்கும் போக முடியாத பொருள் அது. அதை வாங்குவதென்றால் நானும் போகப்போவதில்லை என்று எழுதிக் கொடுப்பது போல. எப்போது திரும்பி வருவாய் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காததால்தான் நான் இன்னும் அதை முடிவு செய்யவில்லை. ஒரு கோட்டு எனக்காக முடிவு செய்துவிடக் கூடாது என்று தோன்றியது.

அதனால் வாங்கவில்லை. வாத்தின் மென்னிறகு திணித்த கோட்டு ஒன்றை 620 டாலருக்கு வாங்கிக்கொண்டேன். அதற்கும் வாத்து செத்திருக்கிறது, தெரியும். போட்டால் பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டி நிறுத்தியது போல இருக்கிறேன். போட்டோ அனுப்புகிறேன், அம்மா சிரிக்கட்டும். குளிரை அது நன்றாகவே தாங்குகிறது. ஆசை விட்டுவிட்டது என்று மட்டும் பொய் சொல்ல மாட்டேன். பஸ் அந்த வீதியில் திரும்பும்போது கழுத்தும் திரும்புகிறது.

கிளம்பும்போது கடைக்காரர், எந்தக் கோட்டானாலும் பிளாஸ்டிக் உறையில் மட்டும் அடைத்துவிடாதீர்கள், பருத்தித் துணியில் மூடுங்கள், தோலுக்குக் காற்று வேண்டும் என்றார். போன முறை வந்தபோது அம்மா என் கல்யாணப் புடவையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அதை எடுத்து உங்கள் பழைய வேட்டியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். விசிறி மடிப்பைப் பிரித்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும், ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை ஒடிந்துவிடும். அம்மாவுக்கு அந்த மடிப்பு சரியாக வராது. நீங்களே மடித்து வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
சின்னவள்