எக்ஸ்ரே அறைக்கு வர நினைக்கும் என் அக்கா மகளுக்கு

அன்புள்ள மகள்,

ஏ.எல். பெறுபேறு வந்ததிலிருந்து உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் வாவிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கும் கேட்கிறது. மருத்துவத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி காணாது. நீ என்னைப் போல எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபி படிக்கப் போகிறேன் என்கிறாய். அக்கா, "கதிர் படுகிற வேலை பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு, நாளைக்குக் கலியாணம் பேசி வருகிறவன் என்ன சொல்லுவான்" என்கிறா. இதே பேச்சை ஏறாவூரிலும் கல்முனையிலும் வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியவை இருக்கின்றன. ஆனால் அக்கா தவறான பக்கம் பார்த்துப் பயப்படுகிறா.

அவவின் பயம் ஒன்றுமில்லாத கதை என்று சொல்லமாட்டேன். 1895இல் ரொன்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு, ஆபத்துத் தெரியாமல் ஆட்கள் அதோடு விளையாடினார்கள். தோமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கையையே திரும்பத் திரும்பக் கதிருக்குள் நீட்டியவர். கைகளை வெட்டி எடுத்தும் புற்றுநோய் விடவில்லை, 1904இல் இறந்துபோனார். இன்றைக்கு நாங்கள் எங்களில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கும் ரி.எல்.டி. பட்ஜுக்குப் பின்னால் அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பார். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) கதிர் சும்மா கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் நோயாளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். அதுவும் கதிருக்கு நேரே நிற்கிறவருக்கு! நாங்கள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறோம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும் என்று நீ பௌதிகவியலில் படித்திருப்பாய், இங்கே அதுதான் எங்களுக்குக் காவல். எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரம் போகும் அந்தக் கணத்தில்தான் கதிர் வரும். நின்ற பிறகு அறைக்குள் எதுவும் தேங்கி நிற்காது, சுவரிலும் ஒட்டாது. தொழில் செய்கிறவர்களுக்குச் சர்வதேச அளவில் வைத்திருக்கும் எல்லை, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். ஒழுங்காக வேலை செய்கிற சாதாரண எக்ஸ்ரே அறையில் அதற்குக் கிட்டவும் போகாது.

இந்த வேலை செய்தால் பிள்ளை பிறக்காது என்று ஊரில் சொல்லும் கதைக்கு வருவோம். பெண்ணுக்குக் கருவளம் நிரந்தரமாகப் போக வேண்டுமென்றால் சூலகத்துக்கு ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான மில்லிசீவர்ட் விழ வேண்டும். கர்ப்பமானால் பொறுப்பாளரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். அன்றிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தருவார்கள். கலியாணம் பேச வருகிறவர்கள் கேட்டால் இதையே சொல்லலாம். அதற்குப் பிறகும் முகம் சுழித்தால் அந்தச் சம்பந்தம் போனால் போகட்டும். (இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது விட்டுவிடு.)

சரி, நீ எதற்குப் பயப்பட வேண்டும்? முதலில் பௌதிகவியலுக்கு. எக்ஸ்ரே என்றால் பட்டனை அமத்துகிற வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். வயலில் காய்ந்து, இருமி இருமி எலும்பாகிப்போன ஒரு அப்புவும் நல்ல பருமனான ஒரு முதலாளியும் அடுத்தடுத்து நெஞ்சுப் படத்துக்கு வருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கே.வி. (கதிர் ஊடுருவும் வலு), ஒரே எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) வைத்தால் ஒருவரின் படம் உதவாது, அல்லது ஒருவருக்குத் தேவையில்லாமல் கதிர் கூடிவிடும். நிற்கக்கூடியவரை நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்து, தோள்களை முன்னுக்குத் தள்ளி, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம். படுக்கையில் கிடக்கிறவருக்கு முன்பக்கத்திலிருந்து எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதை ஏ.பி., அதாவது முன்பக்கத்திலிருந்து எடுத்தது, என்று குறிக்காமல் அனுப்பினால், இல்லாத இதய வீக்கத்தை டாக்டர் தேடிக்கொண்டிருப்பார். வலது, இடது அடையாளம் மாறிப்போனால் என்ன நடக்கும் என்று நீயே யோசி.

அதைவிடக் கஷ்டமானது, எடுக்காமல் விடுவது. விபத்தில் வந்தவரை எந்தப் பக்கம் திருப்பக்கூடாது, மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு வயிற்றுப் படம் எழுதி வந்தால் யாரிடம் பேச வேண்டும், மங்கலாக வந்த படம் டாக்டருக்குப் போதுமா, இல்லை இன்னொரு முறை எடுக்கத்தான் வேண்டுமா. வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும்போது இதையெல்லாம் நிதானமாக முடிவெடுக்க வேண்டும். நான்கு வருடப் பட்டப்படிப்பின் பெறுமதி எனக்கு இங்கேதான் தெரிகிறது. இயந்திரத்தை இயக்க ஆறு மாதத்தில் பழகிவிடலாம்.

மனிதர்களும் இருக்கிறார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கு ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அறிக்கை எழுதுவது ரேடியோலொஜிஸ்ட் டாக்டரின் வேலை. "என்ன புள்ள, ஏதும் பிழையா?" என்று படுவான்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அதை எந்த விரிவுரையும் சொல்லித் தராது.

படிக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் இந்தச் சிறப்புப் பட்டம் இருக்கிறது, படிப்பு ஆங்கிலத்தில். படம் எடுப்பதோடு புற்றுநோய்க்கான கதிர்ச்சிகிச்சையும் அந்தத் துறைக்குள்ளேதான் வரும். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்து களைத்த குடும்பங்களைப் பார்த்த உனக்கு அதன் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவமும் தாதியியலும் இருந்தாலும், இதற்கு வெளியூர் போகத்தான் வேண்டும். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரிப் பயிற்றும் டிப்ளோமா வழியும் உண்டு. அதில் வந்த கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர், அதைக் குறைவாக நினையாதே. ஆனால் மேற்படிப்போ கற்பித்தலோ உன் மனதில் இருந்தால் பட்டத்தைத்தான் எடு என்பேன். எந்த வழியில் வந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்துதான் வேலை செய்யலாம்.

தூரம் என்று அக்கா இழுப்பா. செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிற ஏ5 வீதி பேராதனையில்தான் தொடங்குகிறது என்று சொல்லு. பாதையில் மலையும் வளைவும் நிறைய, வாந்தி குளிசையோடு ஏறு. சிங்களத்தையும் இப்போதே தொடங்கு. அங்கே பயிற்சிக்கு வைத்தியசாலைக்குள் போகும்போதும், நாளைக்கு அம்பாறையில் வேலை கிடைத்தாலும், "ஹுஸ்ம கன்ன" என்று சொல்லி மூச்சை இழுக்க வைக்கத் தெரியாமல் ஒரு நெஞ்சுப் படமும் எடுக்க முடியாது.

ஒரு படிப்புக்கு எடுபடத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, வருடத்துக்கு வருடம், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆகவே போன வருடப் புள்ளியை மட்டும் பார்த்து இதைக் கீழே தள்ளாதே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்துப் பாடத் தகைமையை நீயே ஒருமுறை வாசி. பிறகு விண்ணப்பத்தில் படிப்புகளை உண்மையாக விரும்பும் ஒழுங்கில் நிரப்பு. மருத்துவத்துக்குத் திரும்ப எழுதிப் பார்க்கும் ஆசை இன்னும் மனதில் கிடந்தால் அதை இப்போதே வீட்டில் பேசி முடி. பாதி மனதோடு வருகிற பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். நிரப்பிய பிரதியை அனுப்புமுன் எனக்கு ஒருமுறை காட்டு.

அன்புடன்,
சின்னம்மா