ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு நாள் பயணம் நடத்துவோருக்கு

கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பயண அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளம்பரங்களில் ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவின் "உலக முடிவு" என்ற செங்குத்துப் பாறை விளிம்பும் கீழே விரியும் பள்ளத்தாக்கும் பளிச்சென்று தெரிகின்றன. கூடவே உள்ள நேர அட்டவணையில் "காலை 7.00, கண்டி ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பாடு" என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தில் உள்ளதை இந்த நேரத்துக்குப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் பார்க்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்டியிலிருந்து நுவரெலியா இரண்டரை மணி நேரம். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பூங்கா வாசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். டிக்கெட் வரிசை, பை சோதனை எல்லாம் முடிந்து நடக்கத் தொடங்கப் பதினொன்றரையாவது ஆகிவிடும். உலக முடிவுக்குச் சுமார் 4 கிலோமீற்றர் நடை. போய்ச் சேரும்போது அங்கே இருப்பது வெள்ளைச் சுவர்தான். வெயில் ஏறக் கீழே பெலிஹுல்ஓயாப் பக்கத்துக் காற்று சூடாகி, ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துச் சரிவில் மேலேறும். ஏறஏறக் குளிர்ந்து, விளிம்புக்கு வரும்போது மேகமாகிவிடும். மழையில்லாத சனவரி, பெப்ரவரியிலும் ஒன்பது, பத்து மணிக்கு மேல் இதுதான் நடக்கிறது.

ஆகவே அட்டவணையைப் பின்னாலிருந்து எழுதுங்கள். எட்டு மணிக்கு விளிம்பில் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே உங்கள் வான் வண்டி அங்கே இருக்க வேண்டும். அப்படியானால் கண்டியிலிருந்து இரவு 2 மணிக்கே கிளம்ப வேண்டும். கொழும்பிலிருந்து என்றால் முதல்நாள் நள்ளிரவுக்கு முன். விடியவிடிய வண்டி ஓட்டிய அதே சாரதி மாலையில் றம்பொட, புசல்லாவை வளைவுகளில் இறங்கி வருவார். 2025 மேயில் கொத்மலை கரண்டி எல்லவில் அதிகாலை நேரம் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதே வீதியில்தான். கொழும்புப் பயணத்தை ஒரே நாளில் விற்காதீர்கள். நுவரெலியாவில் ஓர் இரவு தங்க வையுங்கள். கண்டிப் பயணத்துக்கு இரண்டு சாரதிகள் வேண்டும்.

நடையிலும் ஒரு தவறு நடக்கிறது. பாதை ஒன்பது கிலோமீற்றர் சொச்சம் கொண்ட வட்டம். எந்தப் பக்கமும் தொடங்கலாம் என்பதால், சிலர் ஆட்களை முதலில் பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் கூட்டிப்போகிறார்கள். அருவி மதியத்திலும் விழும், பள்ளத்தாக்கு அப்படிக் காத்திருக்காது. முதலில் சின்ன உலக முடிவு என்ற சிறிய பாறை விளிம்பு, அடுத்து உலக முடிவு, பிறகு அருவி என்ற வரிசையில் போங்கள். மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நடைபாதையில் கழிப்பறை இல்லை என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நடை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது. தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் விடுவார்கள். நாற்பது பேர் அந்தக் குளிரில் விறைத்த விரல்களால் லேபல் உரிக்கத் தொடங்கினால் இருபது நிமிடம் அங்கேயே போய்விடும். முதல்நாள் இரவே உரித்துவையுங்கள். பிஸ்கட்டைப் பிரித்துக் கடதாசிப் பையில் போடுங்கள், ரொட்டியை வாழையிலையில் கட்டுங்கள். இது வீண் கெடுபிடி இல்லை. உணவு மணம் ஒட்டிய பொலித்தீனை இங்குள்ள மரை என்ற பெரிய மான் அப்படியே விழுங்கிவிடும், அது அசைபோடும் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். வாகனத் தரிப்பிடத்தில் மரைக்குப் பாண் ஊட்டிப் படம் எடுக்க வைக்கும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் பட்டியலில் "மிதமான குளிர்" என்று எழுதாதீர்கள். சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, சனவரியில் புல்லில் உறைபனி படியும். காதை மூடும் தொப்பி, ஸ்வெட்டர், மழைச்சட்டை, பிடிப்புள்ள சப்பாத்து என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். பாதை சரளையும் சேறும், செருப்பு தாங்காது.

கட்டணத்தையும் மறைக்காதீர்கள். வெளிநாட்டவருக்கு நபர் கட்டணத்தோடு குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். "டிக்கெட் தனி" என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டால், அந்தச் சண்டை விடியற்காலை ஆறு மணிக்கு வாசலில் சாரதியின் தலையில்தான் விழுகிறது.

யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் விளம்பரத்தில் பள்ளத்தாக்குப் படத்தை எடுத்துவிட்டுப் புல்வெளியின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நுவரெலியாப் பகுதி வழிகாட்டிகளும் வான் சாரதிகளும்