ஏரி வண்டலை வயலுக்கு அனுப்பும் முன் பாசியையும் சேற்றையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரிகளிலிருந்து வண்டல் மண் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி வழங்கப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி, கட்டணம் கிடையாது, நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்ற ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தூர் வாரிய ஏரியில் கூடுதல் நீர் நிற்கும். வண்டல் அடித்த வயல் விளையும். ஆனால் பாலாற்றுப் படுகையில், குறிப்பாக வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில், தோல் கழிவுநீர் பல ஆண்டுகள் பாய்ந்த தடத்தில் இருக்கும் ஏரிகளுக்கு இதே ஏற்பாட்டை அப்படியே பொருத்துவதற்கு முன் ஒரு சோதனை நடந்தாக வேண்டும். ஏரியின் நீரைச் சோதிப்பது மட்டும் அதற்குப் போதாது. நீரில் மிதக்கும் பாசியையும் அடியில் படிந்த சேற்றையும் சோதிக்க வேண்டும். ஏன் என்பதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஆவாரம் பட்டையில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்த காலம் போய், குரோமியம் சல்பேட்டில் ஒரு நாளில் பதனிடும் காலம் வந்தது பலருக்கும் தெரிந்த கதை. 'வெட் ப்ளூ' என்று தொழிலில் சொல்லப்படும் தோலின் நீலநிறம் அந்தக் குரோமியம் தந்ததே. வழக்கமான முறையில் டிரம்மில் இடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறுகிறது. மிச்சம் கழிவுநீரோடு போய்விடும். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் குரோமிய மீட்பு அமைப்புகளும் வந்துவிட்டன, நிலைமை 1980-களில் இருந்ததைப் போல இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேறு பழைய கணக்கை அழிப்பதில்லை. அதோடு, இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மேடும் இந்தப் படுகையில்தான் இருக்கிறது.

பாசி உலோகத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதை வகுப்பில் ஓர் எளிய சோதனையால் காட்டுவது என் வழக்கம். நூற்பாசியை நிழலில் உலர்த்திப் பொடித்து, மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் போட்டுக் கலக்கி, அரைமணி நேரம் கழித்து வடிகட்ட வேண்டும். வடிநீரில் அம்மோனியா விட்டால், முதலில் இருந்த கரைசலில் தோன்றிய அடர்நீலம் இதில் வெளிறிப்போய்த் தெரியும். 'பாசி தாமிரத்தைத் தின்றுவிட்டது' என்று பிள்ளைகள் சொல்வார்கள். உடனே வடிதாளில் தங்கிய அதே பாசியின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, இறங்கிய நீரில் அம்மோனியாவைத் தாராளமாக விட்டால் நீலம் திரும்பி வந்து நிற்கும். தாமிரம் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருந்தது, அவ்வளவே. பாசியின் செல் சுவரில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் சாதாரண ஏரி நீரில் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்சுமையோடு இருப்பதால் நேர்மின்சுமை கொண்ட உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. அமிலம் வந்ததும் ஹைட்ரஜன் அயனிகள் முண்டியடித்து அந்த இடங்களைப் பிடிக்க, உலோகம் வெளியேறுகிறது. இந்தப் பிடிப்புக்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; சோதனையில் பயன்பட்டது செத்த பாசிதான்.

உயிருள்ள பாசி இதற்கும் மேலே ஒரு படி போகிறது. காட்மியம், தாமிரம் போன்றவை செல்லுக்குள் நுழைந்துவிட்டால், கந்தகம் நிறைந்த சிறு புரதச் சங்கிலிகளைச் செய்து, உலோகத்தை அவற்றோடு கட்டி, செல்லின் ஓர் ஓரத்தில் அடைத்துவைக்கும் ஏற்பாடு பல பாசிகளுக்கு உண்டு. குரோமியம் இந்தக் கட்டுக்கு அவ்வளவாக அகப்படுவதில்லை. அதன் போக்கே வேறு. டேனரியிலிருந்து, அதாவது தோல் பதனிடும் ஆலையிலிருந்து, வருவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். இது நேர்மின்சுமை உடையது, பாசியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் அல்லது ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். குரோமேட் கழிவு மேட்டிலிருந்து கசிவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். நன்றாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்டது. குரோமேட் அயனியின் வடிவம் சல்பேட் அயனியின் வடிவத்தை ஒத்தது: நடுவில் ஓர் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன். கந்தகம் வேண்டிச் சல்பேட்டை உள்ளே இழுக்கும் பாசியின் வாயில், இந்த வேடதாரியையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனபின் அது மூன்று இணைதிற நிலைக்கு இறங்குகிறது. இறங்கும் வழியில் பாசியின் பச்சையத்தைச் சுமக்கும் சவ்வுகளைச் சிதைக்கிறது. இதனால் நீரில் நச்சு குறைகிறது என்பது உண்மை. நீரில் குறைந்த அந்தக் குரோமியம் பாசியில் இருக்கிறது என்பதும் உண்மை.

இப்போது நீர்ச் சோதனைக்கு வருவோம். கரைந்த உலோகத்தை அளக்க வேண்டுமென்றால் மாதிரியை முதலில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்ட வேண்டும் என்பது நடைமுறை. வடிகட்டிய நீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணய வரம்புக்குள் ஏரி இருப்பதாக அறிக்கை எழுதப்படும். வடிதாளில் தங்கிய பச்சைப் படிவமோ குப்பைக் கூடைக்குப் போகும். நாம் தேடிய பொருளில் பெரும்பகுதி அந்தக் கூடையில் கிடக்கலாம்.

மாதிரி எடுக்கும் நேரமும் விடையை மாற்றும். பாசி மண்டிய ஏரியில் வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கை நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துவிடுவதால் நீர் காரத் தன்மைக்கு ஏறுகிறது, பிற்பகலில் பி.எச். அளவு (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) 9-ஐத் தாண்டுவது புதிதன்று. அப்போது துத்தநாகம், காட்மியம், ஈயம் போன்றவை பாசியிலும் சுண்ணப் படிவிலும் போய் ஒட்டிக்கொள்ளும். இரவில் பாசி மூச்சுவிட, பி.எச். இறங்கி, ஒட்டியவற்றில் ஒரு பகுதி மீண்டும் கரையும். நண்பகலில் குப்பியை நிரப்புகிறவருக்கு ஏரி தன் நல்ல முகத்தைக் காட்டுகிறது. விடியற்காலை மாதிரியும் சேர்த்து எடுத்தால்தான் நடப்பது தெரியும்.

பாசி வாழ்வது சில நாட்கள் அல்லது வாரங்கள். செத்ததும் அடியில் படிந்து அழுகுகிறது. ஆக்சிஜன் தீர்ந்த அந்தக் கருஞ்சேற்றில் சல்பேட் சல்பைடாக மாறி, ஈயம், தாமிரம், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றைக் கரையாத சல்பைடுகளாகப் பிடித்து வைக்கிறது. குரோமியம் ஹைட்ராக்சைடாகவும் கரிமப் பொருளோடு கூடியும் அதே சேற்றில் தங்குகிறது. ஆண்டுதோறும் பாசி நீரிலிருந்து வழித்தெடுத்துக் கீழே இறக்கியது அனைத்தும் இப்படிச் சேர்கிறது. அழுகிய நாற்றம் வீசும் அந்தச் சேறு, நீருக்கடியில் கிடக்கும்வரை ஒருவகைக் காவல் நிலையம்தான். அதைத் தோண்டி வெயிலில் பரப்பினால் காவல் கலைகிறது. சல்பைடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டாகிறது. கட்டுண்ட உலோகங்கள் கரையத் தொடங்குகின்றன. மூன்று இணைதிறக் குரோமியம் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும், பயிரின் வேரைத் தாண்டி மேலே ஏறுவதும் குறைவு என்று சொல்வது நியாயமே. ஆயினும் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்து, ஈரமும் காற்றும் மாறிமாறிப் படும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிற நிலைக்குத் திரும்ப ஏறும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மண் வேதியியலில் அறியப்பட்ட செய்தி. நீர் கட்டி நிற்கும் நெல் வயலைவிடப் புன்செயில் இதற்கு வாய்ப்பு அதிகம்; ஏக்கருக்குக் கூடுதல் வண்டல் அனுமதிக்கப்படுவதும் புன்செய்க்கே.

மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இதே ஏற்பாட்டில் ஏரிக் களிமண் வழங்கப்படுகிறது. குரோமியம் கலந்த பொருளைக் காரப் பொருள்களோடு சேர்த்துக் காற்றில் சுட்டால் குரோமேட் கிடைக்கும். குரோமேட் ஆலைகள் தாதுவிலிருந்து குரோமேட் எடுப்பதே இந்த முறையில்தான். சுண்ணாம்பு கலந்த களிமண் சூளையில் சிறிய அளவில் இதே மாற்றம் நடக்க இடம் உண்டா என்பதைச் சுட்ட ஓட்டுத் துண்டை நீரில் ஊறவைத்து ஒருவர் அளந்து பார்ப்பது கடினமான வேலையன்று.

அளவு குறித்து ஒரு கணக்கு. ஒரு கன மீட்டர் வண்டலின் உலர் எடையை 1 டன் என்று கொண்டு, அதில் இயற்கையான அளவுக்கு மேல் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குரோமியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 75 கன மீட்டர் வண்டலோடு ஓர் ஏக்கரில் ஏழரைக் கிலோ குரோமியம் இறங்கும். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். எந்த ஏரியையும் குற்றம் சாட்டுவதற்கன்று. புவியோட்டிலேயே சராசரியாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவில் குரோமியம் இருப்பதால், டேனரிகளின் தடத்துக்கு வெளியே, அதே வகை மண் உள்ள ஓர் ஏரியையும் ஒப்பீட்டுக்கு அளக்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது. விவசாயியின் கையில் இருக்கும் மண் வள அட்டையும் இதற்கு உதவாது. அதிலுள்ள 12 இனங்களில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு உண்டு. குரோமியமும் ஈயமும் காட்மியமும் இல்லை. அது பயிருக்குப் பற்றாக்குறை பார்க்க வகுத்த அட்டை, மிகுதி பார்க்க வகுத்ததன்று.

பாசியை வளர்த்தே நீரைச் சுத்தம் செய்துவிடலாமே என்று அவ்வப்போது ஆர்வத்தோடு எழுதுகிறார்கள். ஆறு இணைதிறக் குரோமியத்தைப் பாசிப் பொடி வெகுவாக உறிஞ்சியதாகக் கூறும் ஆய்வகச் சோதனைகளில் பல, பி.எச். 2 அளவில் நடத்தப்பட்டவை. அந்த அமிலத்தில்தான் பாசியின் மேற்பரப்பு நேர்மின்சுமை பெற்றுக் குரோமேட்டை இழுக்கும், ஏரியின் பி.எச். 7-க்கும் 9-க்கும் இடையில் அதே மேற்பரப்பு குரோமேட்டைத் தள்ளிவிடும். ஓர் ஏரியை எலுமிச்சைச் சாற்றைப் போலப் புளிக்கவைக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்று நம்புகிறேன். தொட்டியில், கட்டுப்பாட்டில், கழிவுநீருக்குப் பாசியைப் பயன்படுத்துவது வேறு. அங்கும் உலோகம் ஏறிய பாசியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

பாசியைத் துப்புரவுப் பணியாளராக நினைப்பதைவிடச் சாட்சியாக அழைப்பது பயனுள்ளது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையைச் சுற்றிப் பாதரசம் காற்றில் பரவியிருந்ததை, அங்குள்ள மரங்களில் படர்ந்த லைக்கன்களிலும் 'மாஸ்' எனப்படும் சிறு தாவரங்களிலும் அளந்து காட்டிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. லைக்கன் என்பதே பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். ஒரு நாள் காற்று சொல்லாததை அது பல ஆண்டுக் கணக்காகச் சொன்னது. ஏரிப் பாசி அவ்வளவு நீண்ட நினைவு உடையதன்று. கடந்த சில வாரங்களைச் சொல்லும். அதற்கு முந்தையதைச் சேறு சொல்லும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், கழிவு இப்போதும் வருகிறதா அல்லது பழைய பாக்கிதானா என்பதையும் பிரித்தறியலாம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு செயலைச் செய்கிறவரைச் சேர்ந்தது என்றும் கூறியது. பாலாற்றுக்காக 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. தோல் தொழிலுக்குச் சொன்ன அளவுகோல் வண்டலுக்கு அனுமதி வழங்கும் நிர்வாகத்துக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

ஆகவே மாவட்ட நிர்வாகங்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், தோல் கழிவு பாய்ந்த தடத்தில் உள்ள ஏரிகளைப் பட்டியலிட்டு, அவற்றில் மட்டுமாவது, நீர் வற்றும் பங்குனியிலேயே மதகடி, நடு ஏரி, வரத்துக் கால்வாய் வாய் ஆகிய இடங்களில் மேல் சேற்றையும் அரை மீட்டர் ஆழச் சேற்றையும் எடுத்து, மொத்தக் குரோமியத்தையும் ஆறு இணைதிறக் குரோமியத்தையும் தனித்தனியே அளக்க வேண்டுகிறேன். தோண்டிக் குவித்தபின் ஒரு மாதம் காற்றுப்பட்ட சேற்றையும் இன்னொருமுறை அளப்பது அவசியம். ஈரச் சேற்றின் விடையும் உலர்ந்த சேற்றின் விடையும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ள வேதியியல் இடம் தரவில்லை. ஏரியில் நீர் நிற்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை பாசியையும் வழித்தெடுத்து உலர்த்தி அளக்கலாம். வழித்தெடுத்த பாசியைக் கரையில் குவித்துவிட்டுப் போகக் கூடாது, மழையில் அது மீண்டும் ஏரிக்கே இறங்கும். முடிவுகளைத் தமிழில், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணோடு, ஒப்பீட்டு ஏரியின் எண்ணையும் பக்கத்தில் இட்டு, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். வண்டல் அனுமதி விண்ணப்பத்தில் சர்வே எண்ணும் ஏக்கர் அளவும் எழுதும் இடத்துக்கு அடுத்து, அந்த ஏரியின் சேறு எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது என்று நிரப்ப ஒரு வரி சேர்த்தால் போதும். தேதி இல்லாத இடத்தில் டிராக்டர் இறங்காது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
வாலாஜாபேட்டை.