தண்ணீரை வடிக்கச் சொல்பவர்கள் முதலில் முறைத் தண்ணீரை உறுதி செய்யட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புவி வெப்பமாதலுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று உங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தில் மூன்று கட்சிகள் தெரிகின்றன. வெப்பம் ஏறுவதே கட்டுக்கதை என்கிறவர்கள் ஒரு பக்கம். ஏறுவது மெய்தான், ஆனால் புகையைக் கக்கியவன் வேறொருவன், அவனே சரிசெய்யட்டும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். எல்லாரும் இன்றே இறங்க வேண்டும் என்கிறவர்கள் மூன்றாவது. இந்த மூன்றாவது கட்சி எழுதியதில், நெல் வயலில் தண்ணீர் தேக்குவதை விவசாயிகள் விட்டுவிட்டால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு பெருமளவு குறையும் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதல் கட்சிக்கு அதிக இடம் செலவழிக்கத் தேவையில்லை. கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடனின் அரேனியஸ் கணக்குப் போட்டது 1896-ல். ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி சூடாக இருந்தது என்கிறது உலக வானிலை அமைப்பு.

இரண்டாவது கட்சியிடம் நியாயம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளிவிடும் கரியமில வாயு சுமார் 2 டன், ஓர் அமெரிக்கர் சுமார் 14 டன். இதுவரை உலகம் வெளிவிட்டதில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்காவுடையது. 2030-க்குள் மீத்தேனை 30 விழுக்காடு குறைப்போம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் பல நாடுகள் கையெழுத்திட்ட உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. நெல்லும் மாடும் பிழைப்புக்கான உமிழ்வு, ஆடம்பரத்துக்கானது அல்ல என்பது நம் அரசின் நிலை. நாட்டின் மொத்த உமிழ்விலும் முக்கால் பங்கு எரிசக்தித் துறையிலிருந்து வருகிறது. வேளாண்மை முழுவதும் சேர்ந்தே 14 விழுக்காட்டுக்குள்தான். நிலக்கரியை விட்டுவிட்டு நெல்லைக் கூண்டில் ஏற்றுவது அபத்தம்.

ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பதால் கதிரில் பதர் குறைந்துவிடாது. நெல் பூ திறப்பது காலையில், ஒரு மணி நேரம் சொச்சம். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி நின்றால் மகரந்தம் செத்து மணி பிடிக்காமல் போகிறது. ஏப்ரலில் பூக்கும் கோடை நெல்லுக்கு இந்த ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது. இரவு வெப்பம் இன்னும் மோசம். பிலிப்பைன்ஸ் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல ஆண்டு விளைச்சலை ஒப்பிட்டு 2004-ல் வெளியான ஆய்வில், பயிர்க்காலத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. ஆகவே நெல் இதில் குற்றவாளி என்பதைவிட, பாதிக்கப்படும் கட்சி என்பதுதான் பொருத்தம். தன்னால் முடிந்ததை அது செய்தால் அதற்கே நல்லது, அவ்வளவுதான்.

இனி வயலுக்கு வருவோம். சேற்றில் தண்ணீர் நின்ற ஓரிரு நாளில் மண்ணிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் அடுத்து நைட்ரேட்டையும் பிறகு மண்ணிலுள்ள இரும்பையும் பயன்படுத்திக்கொள்ளும். அவையும் தீர்ந்த பின்புதான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் கை ஓங்குகிறது. உண்டாகும் மீத்தேனில் குமிழியாகக் கிளம்புவது கொஞ்சம்தான். பத்தில் ஒன்பது பங்குவரை நெல் தண்டின் காற்றுக்குழல் வழியாகவே வெளியேறுகிறது. இடையில் ஒருமுறை மண் காய்ந்தால், செலவான இரும்பு மறுபடி துருவாகிச் சேமிப்பு நிரம்பிவிடும். அடுத்துத் தண்ணீர் கட்டினாலும் மீத்தேன் தலையெடுக்கப் பல நாள் ஆகும். சில நாள் காயவிடுவதற்கு இவ்வளவு பலன் கிடைப்பதன் ரகசியம் இந்தத் துருதான். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 27 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. ஆனால் காற்றில் தங்குவது 12 ஆண்டுபோலத்தான். அதனால் இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

இப்படி இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் கட்டுவதற்குப் புதுப்பெயர் எதுவும் வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம்மிடம் பெயரே இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் சேர்த்தது ஒரு குழாயை மட்டும்தான்: எவ்வளவு காயவிடலாம் என்பதைக் கண்ணால் பார்க்க. 4 அங்குலம் அல்லது 6 அங்குல பிவிசி குழாயை 30 செ.மீ. துண்டாக வெட்ட வேண்டும்; 20 அடிக் குழாய் ஒன்றில் 20 துண்டு கிடைக்கும். கீழ்ப் பாதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள். துளையுள்ள பாதி மண்ணுக்குள், மற்றப் பாதி வெளியே என்று நட்டு, குழாய்க்குள் இருக்கும் மண்ணை அடிவரை அள்ளிவிட வேண்டும். மேட்டிலும் வேண்டாம், பள்ளத்திலும் வேண்டாம். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, வரப்பில் நின்றே எட்டிப்பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது உள்ளே இருக்கும் மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் களிமண் துளையை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி நட வேண்டும். பலரும் இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு, குழாய் பொய் சொல்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நட்ட பத்துப் பதினைந்து நாள்வரை தண்ணீரை வடிக்கக் கூடாது. களையை அமுக்குவது அந்தத் தண்ணீர்தான். அதன்பின் குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சி, மறுபடி இறங்கவிட வேண்டும். மேலே மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் கீழே வேர் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கதிர் பூக்கும் முன் ஒரு வாரமும் பூத்த பின் ஒரு வாரமும் 5 செ.மீ. தண்ணீர் குறையவே கூடாது. இந்த எல்லைக்குள் நடந்தால் விளைச்சல் குறைவதில்லை, தண்ணீர் 15 முதல் 30 விழுக்காடு மிச்சம், மீத்தேன் ஏறக்குறைய பாதி. 15 செ.மீ. எல்லையைத் தாண்டிக் காயவிட்டால் விளைச்சல் அடிவாங்கக்கூடும்.

சொல்ல இவ்வளவு சுலபமாக இருப்பது காவிரி டெல்டாவில் ஏன் பரவவில்லை? விவசாயிக்குத் தெரியாததால் அல்ல. முறைவைத்து விடும் வாய்க்கால் தண்ணீர் (முறைத் தண்ணீர்) அடுத்து என்றைக்கு வரும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் கடைமடைக்கு எப்போது வந்து சேரும், எத்தனை நாள் ஓடும் என்பது மதகுக்கு மதகு மாறுகிறது. இந்த நிலையில் வாய்க்காலில் ஓடும் தண்ணீரை வேண்டாமென்று விட்டு, 15 செ.மீ. இறங்கட்டும் என்று காத்திருப்பது சூதாட்டம். கிடைக்கும்போது கரைமுட்டத் தேக்கி வைப்பவரை அறியாதவர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த சிக்கல் வயலுக்கு வயல் பாய்ச்சல். பல இடங்களில் தனி வாய்க்கால் கிடையாது; மேல்வயலின் வரப்பை வெட்டித்தான் கீழ்வயலுக்குத் தண்ணீர் போகிறது. நடுவில் இருப்பவர் காயவிட நினைத்தாலும் பக்கத்து வயலுக்குப் போகும் தண்ணீர் அவர் வயலில் ஏறித்தான் போகும். ஒருவர் குழாய் நட்டுப் பயனில்லை. ஒரு மடைக்குட்பட்ட எல்லாரும் ஒரே வாரத்தில் நட்டு, ஒரே நாளில் காயவிட்டால்தான் நடக்கும். வயல் சமமாக இல்லாவிட்டாலும் தோல்விதான். வயலைச் சமப்படுத்தும் பரம்படிப்பு சரியில்லாமல் ஒரு முனை அரை சாண் மேடாக இருந்தால், மேட்டில் கோரையும் குதிரைவாலிப் புல்லும் கிளம்பும், பள்ளத்தில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். குழாய் எந்த இடத்தில் இருந்தாலும் பாதி வயலுக்குப் பொருந்தாது. கனத்த களிமண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டால், அடுத்த பாய்ச்சல் வெடிப்பு வழியே கீழே போய்விடும். மிச்சம் பிடிக்கப் போய் கூடுதலாகச் செலவாகும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் காயவிட்டால் உப்பு மேலே ஏறும். அங்கே இதைப் பேசவே வேண்டாம்.

மழைக்காலத்தில் வயலில் நிற்கும் சம்பாவுக்கும் அப்படியே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில், வடிகால் தூர்ந்து கிடக்க, காய்ச்சல் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில் கொட்டுகிறது. ஆகவே இந்த முறை செல்லுபடியாவது ஜூனில் தொடங்கும் குறுவையிலும், மழைக்குப் பின் வடமாவட்டங்களில் நடும் நவரையிலும் மட்டும்தான். மொத்த நெல் பரப்பையும் இரண்டால் வகுத்து, இவ்வளவு மீத்தேன் குறையும் என்று போடும் கணக்குகளை இந்த உண்மையோடு வைத்துப் படிக்க வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் கதை வேறு. அவர்கள் தண்ணீர் அவர்கள் கையில். நாளைக்கே தொடங்கலாம். ஆனால் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும் என்று தெரியாததால் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், வயல் நிரம்பும். மின்சாரம் இலவசம் என்பதால் பையில் இருந்து எதுவும் போவதில்லை. போவது நிலத்தடி நீர், அதற்குப் பில் வருவதில்லை. பகலில் குறித்த நேரத்தில் மும்முனை மின்சாரம் கிடைத்தால், பாதிப் பேர் ஆட்டோவை அணைத்துவிடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு.

யூரியா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மேலுரம் போட்டுவிட்டுக் காயவிட்டால் யூரியா நைட்ரேட்டாக மாறும். மறுபடி தண்ணீர் கட்டும்போது அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கும். அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மீத்தேனில் பிடித்ததை இதில் விட்டுவிடலாம், கூடவே உரக்காசும் போகும். எனவே குழாயில் தண்ணீர் இறங்கிய அன்று, பாய்ச்சுவதற்குச் சற்றுமுன் யூரியாவைப் போட்டு உடனே தண்ணீர் கட்ட வேண்டும். உரம் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கும். சில நாள் தண்ணீர் நிற்கட்டும். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத்தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

தண்ணீரைத் தொடாமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. அறுத்த வைக்கோலையும் தாளையும் நடவுக்கு முந்தைய வாரம் மடக்கி உழுதால் அது மீத்தேனுக்குத் தீனி. அதையே நடவுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக உழுது மட்கவிட்டால் தாக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மட்கிய கம்போஸ்ட் என்றாலும் தாக்கம் குறைவுதான். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுவது மண்ணுக்கு நல்லது, ஆனால் மீத்தேன் கணக்கில் அது கம்போஸ்டுக்கு ஈடாகாது. குறுவைக்கும் அதை அடுத்து நடும் தாளடிக்கும் இடையில் 30 நாள் கிடைப்பது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றான கார்பன் கிரெடிட். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் வரும் என்று முகவர்கள் பேசுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். தெற்காசிய நெல் வயலுக்கு ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தரும் அடிப்படை அளவு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். நடவு வயலில் குறுவை 85 நாள் என்றால் 72 கிலோ. அதில் 45 விழுக்காடு குறைந்தால் 32.5 கிலோ. 27-ஆல் பெருக்கினால் சுமார் 878 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஏக்கருக்கு 355 கிலோ. டன்னுக்கு ஆயிரம் ரூபாய் விலை கிடைத்தாலும் ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 355 ரூபாய். சரிபார்ப்புச் செலவும் முகவர் பங்கும் இதிலிருந்துதான் போக வேண்டும். 2024-ல் சீனாவின் 37 நெல் திட்டங்களை வெர்ரா என்ற தரச்சான்று அமைப்பு நிராகரித்ததையும் கையெழுத்துப் போடும் முன் நினைவில் வைப்பது நல்லது.

எங்கள் கோரிக்கை அரசிடம் இரண்டு, உங்களிடம் ஒன்று. குறுவைக்கு முறைத் தண்ணீரின் தேதிகளை முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடி விட வேண்டும். தூர்வாரும் பணத்தில் ஒரு பகுதியைப் பெரிய வாய்க்கால்களுக்கு மட்டும் செலவழிக்காமல், வயல் வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் ஒதுக்க வேண்டும். உங்கள் நாளிதழில் மேட்டூர் நீர்மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் நாள்தோறும் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் கீழேயே, எந்த ஆற்றில் எந்தத் தேதிவரை முறை, அடுத்த முறை என்றைக்கு என்று இரண்டு வரி சேர்த்து வெளியிட முடியுமா?

இப்படிக்கு,
பாசனப் பணியில் உள்ள வாசகர்கள்,
தஞ்சாவூர்.